இறங்காமல் போன விமானம்

ஆனி 12, புதன்

நேற்று அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதி வைக்கிறேன். போகப் போக ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விமானநிலையக் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடி அறையில், என் பேத்தி செண்பகவல்லி. அவள் ஒருத்திதான். பக்கத்து நாற்காலி பெனிட்டாவுடையது, அது காலி. ஷிப்டுக்குப் பெரியவர் தனசீலன், அவர் கீழே இறங்கி ஊழியர் சங்கத்து ஆட்களோடு போனில் இருந்தார். ஓடுபாதையில் ஒரு ஜீப்பு, அதில் டிரைவர் முத்தையாவும் மயில் விரட்ட வெடி போடுகிற கருப்பனும். ஆகாயத்தில் ஒரு விமானம். அதை ஓட்டியது ஒரு பெண்பிள்ளையாம், பெயர் தெரியாது. அதற்குள் இருந்த சனங்கள் பெயரும் தெரியாது. இந்தக் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டு அடுக்களையில், உலகம்மாளாகிய நான், மூன்று வயது ஜோயல், அவனைப் பெற்ற பெனிட்டா. இவ்வளவு பேர்தான்.

மேலே அவர்கள் வேலை இப்படி. செண்பா விமானங்களோடு பேசுகிறவள். இறங்கு, ஏறு, பொறு என்று சொல்வாள். பெனிட்டா தரையில் ஓடுகிற வண்டிகளோடு பேசுகிறவள். ஓடுபாதைக்குள் வண்டி ஏதும் போனால், இரண்டு பேருக்கும் நடுவில் மேஜையில் பெனிட்டா ஒரு சிவப்பு அட்டையை வைக்க வேண்டும். அது அங்கே இருக்கும்வரை செண்பா எந்த விமானத்தையும் இறங்கச் சொல்ல மாட்டாள்.

எப்போதும் ஆள் குறைவு. லீவு கேட்டால் கிடைக்காது. அதனால் இவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் அவசரம் என்றால் ஒருத்தி இறங்கி வருவாள், மற்றவள் இரண்டு நாற்காலியையும் பார்த்துக்கொள்வாள். காகிதத்தில் இரண்டு பேரும் மேலேயே இருப்பார்கள். தனசீலனுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

பெனிட்டா ஷிப்டுக்குப் போகும்போது ஜோயலை என்னிடம்தான் விடுவாள். புருஷன் மஸ்கட்டுக்குப் போனவன், ஒரு தகவல் இல்லை. நேற்று காலையிலேயே பிள்ளைக்கு மேல் காந்தியது. கஷாயம் கொடுத்தேன், துப்பிவிட்டான். பிறகு உடம்பு தணலாகிவிட்டது. மேலே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கோபுரத்துக்கே போன் போட்டு அவளை வரச் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பின்பக்க கேட் வழியாக ஓடி வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஜீப்ப சொல்லாம, அட்டையும் வைக்காம வந்துட்டனே" என்று என் போனைத் தூக்கினாள். பிள்ளைக்குக் கண் சொருகுகிறது, கை கால் வெட்டுகிறது, இவளுக்கு ஜீப்பு. போனைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, "மொதல்ல பிள்ளையப் பிடி" என்று கையில் கொடுத்தேன். பெற்றவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இங்கே குடியிருக்கிறவர்களுக்கு விமானம் இறங்குகிற சத்தம் பழக்கம். உறுமிக்கொண்டு வரும், தரையில் உரசும், அடங்கும். நேற்று அடங்கவில்லை. எங்கள் கூரைக்கு மேலே அலறிக்கொண்டு மறுபடியும் ஏறிப் போனது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடியது. பெனிட்டா பிள்ளையோடு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விமானம் ஓட்டிய பெண் ஜீப்பைப் பார்த்துவிட்டுத் தூக்கியிருக்கிறாள். முத்தையா ஜீப்பைப் புல்லுக்குள் இறக்கிவிட்டான். யாருக்கும் ஒன்றும் இல்லை. கருப்பனுக்கு மட்டும் காது அடைத்துப்போனதாம்.

சாயங்காலம் செண்பா வந்தாள். முகம் கழுவிவிட்டு, "ஜோயலுக்கு எப்படி இருக்கு ஆச்சி?" என்று கேட்டாள்.

ஆனி 13, வியாழன்

செண்பா இனி மைக்கைத் தொடக் கூடாதாம், விசாரணை முடிகிறவரை. தோசைக்கு ஊறப் போட்டதை அரைக்கவில்லை.

ஆனி 16, ஞாயிறு

தனசீலன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். போன பொங்கல் விழாவில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்த மனிதர். அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் காபி கொடுத்தேன். டிகாஷன் இரண்டாவது இறக்கியது.

"அம்மா, நீங்களும் கேளுங்க. இந்த டவர்ல இருக்க வேண்டியதுல பாதி ஆளுதான் இருக்கோம். ஆள் போடுங்கன்னு டெல்லிக்கு நடையா நடக்குறோம். இப்பதான் ஃபைல் நகர ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல, சீட்டை விட்டு எறங்கிப் போற பழக்கம் இருக்குன்னு வெளிய வந்தா என்ன ஆகும்? ஆள் குறைவே இல்ல, இருக்கிறவனே வேலை பாக்கல, எல்லாத்தையும் தனியாருக்குக் குடுத்துடலாம்னு மேல இருக்கிறவங்க சொல்வாங்க."

"மேல இருந்தது எம் பேத்தி ஒருத்திதான்" என்றேன்.

அவர் சிரித்து வைத்தார். பிறகு செண்பா பக்கம் திரும்பினார். "அட்டை இருந்துச்சு, நான் கவனிக்கலன்னு எழுதிக் குடுத்துடும்மா. கவனக்குறைவுன்னு போட்டு மூணு மாசம் பயிற்சிக்கு அனுப்புவாங்க. அப்புறம் அதே நாற்காலி, அதே மைக்கு. மத்ததை சங்கம் பாத்துக்கும்."

"சங்கம் அன்னைக்குக் கீழ போன்ல நின்னுச்சே. அப்ப யாரு பாத்தா?"

"ஆச்சி, சும்மா இருங்க" என்றாள் செண்பா. அவரிடம், "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். கறிவேப்பிலை கேட்டால் கொடுக்கிற மாதிரி.

இந்த மைக்குக்காக இவள் என்னவெல்லாம் விட்டாள் என்பது எனக்குத் தெரியும். தாய் செத்து, தகப்பன் இன்னொருத்தியைக் கட்டி, என்னிடம் வளர்ந்தவள். (அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ரசத்தில் உப்பே இல்லையாம், கேள்வி.) வந்த மாப்பிள்ளை எல்லாம் ராத்திரி வேலை கூடாது என்றான். "மைக்கோட என்னைக் கட்டிக்கிறவன் இருந்தா சொல்லுங்க ஆச்சி" என்பாள். காய் நறுக்கும்போது மேலே சத்தம் கேட்டால் போதும், இது எங்கேயிருந்து வருகிறது, யார் ஓட்டுகிறார்கள், இன்றைக்கு ஏன் தாமதம் என்று ஊர்க்கதை மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பாள். முகம் தெரியாத அத்தனை பேரையும் குரலை வைத்தே உறவாக்கி வைத்திருந்தாள்.

இப்போது சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

ஆனி 21, வெள்ளி

பெனிட்டா வந்தாள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"என்னால முடியாதுடி செண்பா. சீட்ட விட்டு எறங்குனேன்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். ஜோயல வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? தூத்துக்குடில எங்கண்ணன் வாசப்படி ஏத்துவானா?"

"நான் ஒன்னைச் சொல்லச் சொல்லலையே."

"நான் மேலயே இருந்தேன், அட்டையும் வச்சேன், ஒங்கிட்ட வாயாலயும் சொன்னேன்னு எழுதச் சொல்லுதாரு தனசீலன் சார். ரெண்டு பேரு பேச்சும் ஒண்ணா இருக்கணுமாம்."

"எழுது" என்றாள் செண்பா.

"போன எடுத்தேன்டி. எம் மகன் சத்தியமா எடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. ஆச்சிதான்..."

நான் உள்ளே வந்தேன். பெனிட்டா வாயை மூடிக்கொண்டாள். "காபி ஆறுது" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதிக்கு மேல் மிச்சம்.

அவள் போனதும் செண்பாவிடம் சொன்னேன். "விசாரணைக்கு வாரவன் வரட்டும். இவ அந்நேரம் எங்க இருந்தான்னு நான் சொல்லுதேன். எங் கண்ணால பாத்தவ நான். இருவது வருசத்துக்கு முந்தி யாரு என்ன சேலை கட்டியிருந்தான்னு கேட்டாலும் சொல்லுவேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஆச்சி."

"ஏன் சொல்லக் கூடாது? அவ தப்பிக்க நீ சாகணுமா?"

"சொன்னா முழுசாச் சொல்லணும் ஆச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை. எழுந்து போய் அந்த டம்ளரைக் கழுவினாள்.

ஆடி 3, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சினேன். ஜோயல் வருவதில்லை. மாடி வீட்டு ஒரிசாக்காரியிடம் விட்டுப் போகிறாளாம் பெனிட்டா. அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைக்குக் கால் கழுவி விடக்கூடத் தெரியாது. கூழை கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குக் கொடுத்தேன். வெங்காயம் இல்லையா என்று கேட்டான். அவன் முகத்தையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

செண்பாவைக் கீழே ஒரு அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பழைய காகிதக் கட்டுகளுக்கு நூல் கட்டுகிறாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

மேலே இப்போது ஒவ்வொருவரும் இரட்டை ஷிப்டு பார்க்கிறார்களாம். இவள் ஒருத்தி குறைந்ததில் வந்த வினை. இருக்கிற ஆளை இறக்கிவிட்டு ஆள் இல்லை என்று அழுகிறார்கள்.

ஆடி 7, செவ்வாய்

இன்று விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தாள். தமிழ்ப் பெண்தான், டெல்லியில் பிறந்து வளர்ந்ததாம். கண்ணாடி போட்டு, சின்னக் கழுத்து, கையில் ஒரு வளையல் இல்லை. கூட எழுதிக்கொள்ள ஒரு பையன். செண்பாவை வெளியே போகச் சொல்லவில்லை. "இருங்க, பரவாயில்லை" என்றாள். செண்பா அடுக்களை வாசலில் நின்றாள்.

நான் எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். பெனிட்டா எந்தக் கதவு வழியாக வந்தாள், துப்பட்டா எந்தப் பக்கம் தொங்கியது, அவள் செருப்பைக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்தது. குளித்து, நெற்றிக்கு இட்டு, வெள்ளிக்கிழமைச் சேலையைக் கட்டியிருந்தேன்.

"பாட்டி, பயப்பட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"நான் ஏன் பயப்படணும்? நான் எந்த விமானம் ஓட்டினேன்?"

அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பையில் இருந்து ஒரு கருவியை எடுத்து மேஜையில் வைத்தாள். கோபுரத்துக்கு வருகிற போன் பேச்சு எல்லாம் அங்கே பதிவாகுமாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. செண்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கருவியை அமுக்கினாள். ஒரு கிழவி கத்தினாள்.

"ஏ பெனி, பிள்ள தணலாக் கொதிக்கான். ஒடனே எறங்கி வா... எந்த வண்டி எங்க நின்னா ஒனக்கென்ன, அதைச் செண்பா பாப்பா. ஒன் வேலை கெடக்கட்டும். வான்னா வா."

நடுவில் பெனிட்டா ஏதோ சொல்ல வருவதும் கேட்டது. "ஒரு நிமிசம் ஆச்சி, ஜீப்பு உள்ள" என்கிறாள். அந்தக் கிழவி விடவில்லை.

"இது உங்க குரல்தானே பாட்டி?"

"எங் குரல் இப்படி இருக்காது."

"சரி. இந்த நம்பர் உங்க வீட்டோடது. போன் வந்தது உண்மை, ஆனா நான் போகலைன்னு பெனிட்டா எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க சொல்லுங்க. அவங்க வந்தாங்களா? வந்திருந்தா, வந்து என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்க?"

வந்தாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்பாள். போனை எடுத்தாள் என்று சொல்ல வேண்டும். எடுத்து யாரிடம் பேசினாள் என்று கேட்பாள். அந்தப் பையன் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். செண்பா என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயசாயிட்டும்மா" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்க பேத்தியோட வேலை இதுல இருக்கு."

"ஞாபகம் இல்லன்னா இல்லதான்."

அவள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பெனிட்டாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று செண்பாதான் சொல்லியிருந்தாள். பேத்தி பேச்சைத் தட்டக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

ஆடி 8, புதன்

சோறு குழைந்துவிட்டது. செண்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஆடி 27, திங்கள்

புது டெர்மினல் திறந்தார்கள். மந்திரி ஒருவர் வந்தார். நாதசுரம், வாழைமரம், குளிர்சாதனம் போட்ட பந்தல். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. தூரத்தில் இருந்து பார்த்தால் பாத்திரக்கடை மாதிரி மின்னுகிறது. கோபுரத்துக்குள் ஏறுகிற லிப்ட் மட்டும் ரிப்பேராம். மேலே போகிறவர்கள் படியேறித்தான் போகிறார்கள். அதை மந்திரி பார்க்கவில்லை, அவர் பார்க்கிற பக்கத்தில் கோபுரம் இல்லை.

மேடையில் தனசீலனுக்கும் மாலை போட்டார்கள். விமானநிலையம் அடுத்த வருடம் ஒரு கம்பெனிக்குப் போகிறதாம், மைக்கில் நல்ல சேதி மாதிரி சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். தனசீலனும் தட்டினார். மாலையைப் போட்டுக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும். அந்தக் கோபுரம் மட்டும் அரசாங்கத்திடமே இருக்குமாம். ஆள் போடுவதைப் பற்றிப் பரிசீலிப்பார்களாம்.

செண்பா எழுதிக் கொடுத்தது, பெனிட்டா எழுதிக் கொடுத்தது, நான் ஞாபகம் இல்லை என்றது, எல்லாம் இந்தப் பரிசீலனைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணி 10, திங்கள்

உத்தரவு வந்தது. பயிற்சி கிடையாது. லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். இனிமேல் எந்தக் கோபுரத்திலும் அவள் மைக்கைப் பிடிக்க முடியாது. வேலையை விட்டு எடுக்கவில்லை, அதுவே பெரிய மனதாம். வடகிழக்கில் மலைக்குள் ஏதோ ஒரு ஊர், பெயர் என் வாயில் நுழையவில்லை. அங்கே ஸ்டோர் ரூமில் வேலை. கயிறு, பல்பு, பெயிண்ட் டப்பா எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கவனக்குறைவு என்று மட்டும் இருந்தால் மூன்று மாதத்தோடு போயிருக்குமாம். கூட இருந்தவள் வாயால் சொல்லியும் கேட்காமல் இறக்கினாள் என்று எழுதியிருப்பதால் மன்னிக்க முடியாத குற்றமாம். பெனிட்டா அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

தனசீலன் போன் போட்டு, "மேல பேசிப் பாக்குறேன்மா" என்றார். நான் வைத்துவிட்டேன். பெனிட்டாவைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போட்டிருக்கிறார்களாம். புதுப்பிள்ளை எங்கே வருகிறது?

செண்பா உத்தரவைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அந்த நேரம் மேலே ஒன்று போனது. வழக்கமாகத் தலையைக் குனிபவள், இன்றைக்கு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். சத்தம் தேய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொழும்பு" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

ஆவணி 18, செவ்வாய்

செண்பா போய்விட்டாள். நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே குளிராம், என் நெஞ்சு தாங்காதாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாளைக்குக் கோவில்பட்டியில் இருந்து என் மகன் வந்து கூட்டிப்போவான். எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லையோ அந்தப் பெண்டாட்டி கையால் இனிச் சாப்பிட வேண்டும். சாமான் எல்லாம் கட்டியாயிற்று.

டெர்மினல் வாசலுக்கு மேல் டிக்கெட் இல்லாதவர்களை விடவில்லை. தனசீலன் வந்து பெட்டியைத் தூக்கினார். வயதான மனிதர், மூச்சு வாங்கியது. பெனிட்டா வரவில்லை, அவளுக்கு ஷிப்டு. ஜோயலை மட்டும் ஒரிசாக்காரியோடு அனுப்பியிருந்தாள். ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். இளைத்திருக்கிறான். தூக்கினேன்.

இவர்களை எல்லாம் என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். தனசீலன் கட்டடம் இடிகிற நேரத்தில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அந்த டெல்லிப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பெனிட்டாவுக்கு இந்தப் பிள்ளையை விட்டால் யாரும் இல்லை. அவள் எழுதிய அந்த வரியைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

செண்பா காலில் விழுந்து எழுந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நெருங்கி நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல ஆச்சி. அதையே நெனச்சுக்கிட்டு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க."

"எதைட்டி?" என்றேன்.

என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சதூரம் தெரிந்தாள். பிறகு ஆட்கள் மறைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் விமானம் ஏறியது. ஏறு என்று மேலே இருந்து சொன்னது, இப்போது செண்பாவின் நாற்காலியையும் பார்த்துக்கொள்கிற பெனிட்டாவாகத்தான் இருக்கும். அது மேகத்துக்குள் போகிறவரை ரோட்டில் நின்றேன். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

எதை நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்? என் மேல் எதற்கு வருத்தம் வர வேண்டும்? நான் என்ன செய்தேன்? கை கால் வெட்டிக்கொண்டு கிடக்கிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன். ஏழு ஊர் சனமும் கூடி நின்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவள் என்னிடம் கத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். ஏன் போனைப் பிடுங்கினீங்க, ஏன் ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்க என்று தட்டை விட்டெறிந்து கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, குழைந்த சோற்றைத் தின்றுகொண்டு, என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் கேட்காத ஒன்றை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, இனி திருப்பிக் கொடுக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டாள்.

மற்றவர்களை விடுங்கள். ஒருத்தியை மட்டும் என் கட்டை வேகிறவரை மன்னிக்க மாட்டேன். என் பேத்தி செண்பகவல்லியை.